அம்மாவின் இடுப்பும் மகனின் மணிக்கட்டும்

கேள்வி: எனக்கு 49 வயது. போன மாதம் என் அம்மா (73) குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அதற்கு இரண்டு மாதம் முன்பு 77 வயது அப்பா படியில் தடுக்கி விழுந்தார். அவருக்கு வெறும் சிராய்ப்போடு போயிற்று. பயந்துபோய் நானும் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தேன். தொடை எலும்பின் கழுத்தில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8 என்கிறது ரிப்போர்ட். ஒரு வருடமாக எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. என் 13 வயது மகன் சென்ற ஆண்டு பந்து விளையாடும்போது கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். "மூணு பிள்ளை பெத்த எலும்பு, அப்படித்தான் இருக்கும்" என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொள்கிறார். பெண்களின் எலும்பே பிறவியில் பலவீனமானதா? 16 வயது மகளுக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா? (ஒரு வாசகி)

பதில்:

பிறவிப் பலவீனம் என்று ஒன்றும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 25 வயதுப் பெண் ஒருவரின் எலும்பில் ஒரு சின்னத் துண்டு, அதே வயது ஆணின் எலும்பில் ஒரு துண்டு எடுத்துக் கையில் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டால் எலும்பு மருத்துவர்களான எங்களுக்கே திண்டாட்டம்தான். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மிச்சம் கொல்லாஜன் என்கிற புரதநார், கொஞ்சம் தண்ணீர். சரக்கு ஒன்றுதான். அந்தச் சரக்கை வைத்து உடம்பு எவ்வளவு பெரிதாக, என்ன வடிவத்தில் கட்டுகிறது என்பதில்தான் ஆணும் பெண்ணும் வேறுபடுகிறார்கள். அப்புறம், கட்டியதை எந்த வயதில், எந்த வேகத்தில் இழக்கிறார்கள் என்பதிலும்.

உங்கள் மகனிடமிருந்து தொடங்குகிறேன். வாங்கிய கால்சட்டை மூன்றே மாதத்தில் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடுகிற வயது அவனுக்கு. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலும் பையன்களுக்குச் சுமார் 14 வயதிலும் இந்த வளர்த்தி உச்சத்தில் இருக்கும். அப்போது எலும்பு முதலில் நீள்கிறது. தாது வந்து படிவது ஆறு மாதம், ஒரு வருடம் பின்தங்கித்தான். சுவர் எழும்பிவிட்டது, சிமெண்ட் இன்னும் இறுகவில்லை என்கிற நிலை. அந்த இடைவெளியில் கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவது வெகு சாதாரணம். குழந்தைகளின் முன்கை முறிவுகள் இந்த வயதில் அதிகமாவதற்கு விளையாட்டுத்தனம் மட்டும் காரணமில்லை.

இன்னொன்றும் உண்டு. குழந்தை எலும்பில் தாது குறைவு, அதனால் வளைந்துகொடுக்கும் தன்மை அதிகம். காய்ந்த குச்சி 'படக்'கென்று இரண்டாகிவிடும். பச்சைக் குச்சியை மடக்கினால் ஒரு பக்கம் நார் பிய்யும், மறுபக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும். குழந்தைகளின் முறிவு ஒன்றுக்குப் பச்சைக்குச்சி முறிவு என்றே நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். மகனுக்கு ஒருமுறை முறிந்து நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். லேசாகத் தட்டினாலே முறிகிறது, அதுவும் இரண்டு மூன்று முறை என்றால் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆணும் பெண்ணும் பிரியும் இடம் பூப்பு. அதுவரை பையன் எலும்பும் பெண் எலும்பும் பருமனில் பெரிதாக வேறுபடுவதில்லை. பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோன் எலும்பின் வெளிப்பக்கத்தில் அடுக்கு அடுக்காகச் சேர்த்துக்கொண்டே போகும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் வெளிப்பக்க வளர்ச்சியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, உள்சுவரில் எலும்பைச் சேர்க்கிறது. போதாக்குறைக்குப் பையன்கள் இரண்டு வருடம் தாமதமாகப் பூப்பெய்துவதால் வளர அவர்களுக்கு அவகாசமும் கூடுதல். முடிவில் ஆணுக்குக் கிடைப்பது அகலமான குழாய், பெண்ணுக்குச் சற்று ஒடுக்கமான குழாய்.

இந்த அகலம் என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வெளி ஆரம் 10 மி.மீ., உள் ஆரம் 6 மி.மீ. உள்ள ஒரு குழாய். அதே அளவு பொருளை எடுத்து, வெளி ஆரம் 12 மி.மீ. வருகிற மாதிரி இன்னொரு குழாய் செய்கிறீர்கள். பொருள் ஒரு குன்றிமணி கூடவில்லை. சுவர்தான் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது குழாயை வளைக்கச் சுமார் 65 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். முறிப்பதற்குத் தேவைப்படும் விசையும் முப்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். பொருள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பலம். எலும்பு ஏன் உள்ளீடற்று இருக்கிறது என்பதை கலிலியோ 1638-இலேயே எழுதிவிட்டார். எடை கூடாமல் பலம் கூட இதைவிட நல்ல வழி இல்லை.

ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு என்று நான் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1994-இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு 28 வயது இளைஞரைப் பற்றிய கட்டுரை வந்தது. மரபணுக் கோளாறால் அவர் உடம்பு ஈஸ்ட்ரோஜனை உணரவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவில்லாமல் இருந்தது. ஆள் 204 செ.மீ. உயரம், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பின் முனையில் இருக்கும் வளர்தட்டுகள் மூடவே இல்லை. எலும்பு வயது 15. 28 வயதிலேயே எலும்புப்புரையும், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோயும், வந்திருந்தது. ஆணின் எலும்பையும் காப்பாற்றுவது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் மண்டையில் உறைத்தது. ஆண் உடம்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. வயதான ஆணுக்கு அது குறையும்போது எலும்பும் குறைகிறது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். 'அடர்த்தி' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. நீங்கள் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு டெக்ஸா என்று பெயர். அது எடுப்பது எலும்பின் நிழலை. ஒரு சதுர சென்டிமீட்டர் நிழலுக்கு எத்தனை கிராம் தாது என்றுதான் அது கணக்குப் போடுகிறது. ஒரே பொருளால் செய்த இரண்டு கனசதுரக் கட்டிகள், ஒன்று 1 செ.மீ., மற்றது 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதில் 1 பங்கு பொருள், அதன் நிழல் 1 சதுர செ.மீ. பெரியதில் 8 பங்கு பொருள், நிழல் 4 சதுர செ.மீ. ஸ்கேன் கண்ணுக்குப் பெரிய கட்டி இரண்டு மடங்கு 'அடர்த்தி'யாகத் தெரியும். ஆணின் எலும்பு ஸ்கேனில் அதிக அடர்த்தியாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்த மாயம்தான். உங்கள் உடல்வாகு சிறியது என்றால் உங்கள் எண்ணிலும் இது கொஞ்சம் கலந்திருக்கும்.

டி-ஸ்கோர் உங்களை 20 முதல் 29 வயதுக்குட்பட்ட பெண்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கோடு இது: மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை, நடுவில் இருப்பது குறை அடர்த்தி. நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். இது ஒரு நோயின் பெயர் இல்லை. 49 வயதில் இருபதுகளின் எலும்பு இல்லை என்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நீங்கள் ஸ்கேன் எடுத்த நேரம் சரியான நேரம். ஏன் என்று சொல்கிறேன்.

எலும்பு ஒருமுறை கட்டிவிட்டு அப்படியே விட்டுவைக்கிற சமாச்சாரம் இல்லை. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இடிக்கப்பட்டு, புதிதாகக் கட்டப்படுகிறது. இடிக்கும் செல்கள் ஓர் இடத்தில் சில வாரங்களில் குழி பறித்துவிடும். கட்டும் செல்கள் அதை நிரப்ப மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் மேஸ்திரி வேலையைவிட்டுப் போய்விடுகிறார். இடிக்கிறவர்கள் எண்ணிக்கையும் ஆயுளும் கூடுகின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் குழி. நிரப்புகிறவர்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. கடைசி மாதவிடாய்க்கு ஒரு வருடம் முன்பே இது தொடங்கிவிடும். அப்போதிருந்து மூன்று நான்கு வருடம் முதுகெலும்பில் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவுக்குக்கூட இழப்பு இருக்கலாம், அப்புறம் வேகம் தணியும். நீங்கள் இப்போது நிற்பது இந்தச் சரிவின் வாசலில்.

இழப்பு எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எலும்பின் உள்ளே, குறிப்பாக முதுகெலும்பிலும் தொடை எலும்பின் தலையிலும், பஞ்சு மாதிரி ஒரு பின்னல் இருக்கிறது. நெட்டுக்குத்தாகக் கம்பிகள், அவற்றைக் குறுக்கே பிடிக்கும் கம்பிகள், சாரம் கட்டியது போல. ஆண்களுக்கு வயதாகும்போது இந்தக் கம்பிகள் பெரும்பாலும் மெலிகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் குழி ஆழமாக விழுவதால் குறுக்குக் கம்பிகள் அறுந்தே போய்விடுகின்றன. மெலிந்ததை மறுபடி தடிமனாக்கலாம். அறுந்ததைச் சேர்க்க முடியாது, கட்டுவதற்குப் பிடிமானமே இல்லையே. நடுவில் இருந்த ஒரு குறுக்குக் கம்பி போனால் நெட்டுக்கம்பியின் தாங்கலற்ற நீளம் இரண்டு மடங்காகும். அது வளைந்துபோகாமல் தாங்கும் பளு நாலில் ஒன்றாகிவிடும். ஸ்கேனில் போனது ஒரு துளி தாது. பலத்தில் போனது முக்கால் பங்கு.

உங்கள் அம்மாவுக்கு எந்த வகை அறுவை என்று நீங்கள் எழுதவில்லை. தொடை எலும்பின் முறிந்த கழுத்துக்கு மேலே இருக்கும் எலும்புத் தலையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலை பொருத்துவதென்றால், அதை வெளியே எடுக்க பாட்டில் தக்கை திறக்கிற மாதிரி ஒரு திருகு வைத்திருப்போம். நடுவயதுக்காரர் எலும்பில் அது கடித்துக்கொண்டு இறங்கும், மணிக்கட்டு வலிக்கும். எழுபது தாண்டிய சிலருக்கு வெண்ணெயில் திருகுகிற மாதிரி சும்மா சுற்றும், பிடிக்கவே பிடிக்காது. எடுத்த தலையைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே அமுங்கும். வெளிப்பார்வைக்கு வழவழவென்று, முழுசாகத்தான் இருக்கும். முதல்முறை அப்படி அழுத்திப் பார்த்த நாளில் எனக்கு எலும்புப்புரை என்ற சொல்லின் பொருள் புரிந்தது.

அறுபத்தைந்துக்கு மேல் கெட்டியான வெளிச்சுவரிலும் ஓட்டைகள் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து, சுவர் உள்பக்கமிருந்து கரைய ஆரம்பிக்கிறது. இது ஆண், பெண் இருவருக்கும் உண்டு. கொல்லாஜனும் முறுகி, எலும்பு நொறுங்கும் தன்மை கூடுகிறது. இதெல்லாம் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. அதனால்தான் 50 வயதிலும் 75 வயதிலும் டி-ஸ்கோர் ஒன்றாகவே இருந்தாலும் 75 வயதுக்காரருக்கு முறிவு அபாயம் பல மடங்கு அதிகம்.

பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாலூட்டும் மாதங்களில் தாயின் முதுகெலும்பு சில சதவீதம் தாதுவை இழப்பது உண்மை. பால் மறக்கச் செய்தபின் ஆறு மாதம், ஒரு வருடத்தில் பெரும்பாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும். பிள்ளை எண்ணிக்கை கூடினால் முறிவும் கூடும் என்பதற்கில்லை. 'அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சால் வேறொரு கெடுதல் நடக்கிறது: சிகிச்சை தரப்படுவதில்லை. இதில் எங்கள் துறைக்கே பெரிய பங்கு உண்டு. முறிவைக் கம்பி வைத்துச் சரிசெய்து, தையல் பிரித்து அனுப்பிவிடுகிறோம். முறிய வைத்த நோய்க்கு ஒரு மாத்திரைகூட எழுதாமல் போகிறவர்கள் ஏராளம். ஓர் இடுப்பு முறிவு ஆனவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம். அம்மாவுக்கு ஸ்கேன் எண் என்ன வந்தாலும், நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்பதே எலும்புப்புரை என்று முடிவு செய்யப் போதும். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் பார்த்துவிட்டு, வாரம் ஒரு மாத்திரை, வருடம் ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்று இருப்பவற்றில் அவருக்கு ஏற்றதைத் தொடங்கும்படி அவருடைய மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். வார மாத்திரை என்றால் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். ஆறு மாத ஊசி (டெனோசுமாப்) என்றால் நடுவில் தானாக நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இழப்பு பாய்ச்சலில் வந்து, முதுகெலும்புகள் வரிசையாக முறிந்த சம்பவங்கள் உண்டு.

உங்களுக்கு இப்போதே மருந்து வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் மைனஸ் 1.8-ஐ மட்டும் பார்த்து நான் அதைச் சொல்லவில்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-இல் வெளிவந்த ஃப்ராக்ஸ் என்ற கணிப்பான் இருக்கிறது. வயது, எடை, புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம், முன்பு ஏற்பட்ட முறிவு, தாய் தந்தைக்கு இடுப்பு முறிந்ததா என்பதெல்லாம் கேட்டுக்கொண்டு அடுத்த பத்து வருட அபாயத்தைச் சொல்லும். போன மாதத்திலிருந்து அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்கள் பதில் 'ஆம்' ஆகிவிட்டது. உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பாருங்கள். தைராய்டும் வைட்டமின் டி-யும் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் நிற்கும் தொந்தரவுகள் அதிகமிருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசலாம். அது எலும்புக்கும் நல்லது, எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. இரண்டு வருடம் கழித்து அடுத்த ஸ்கேனை அதே மெஷினில் எடுங்கள். வேறு மெஷின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன்.

கால்சியம் சாப்பாட்டோடு சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. போதும். மாத்திரை என்பது குறைகிற அளவை நிரப்பத்தான். அதைவிட எலும்பு எதிர்பார்ப்பது பளுவை. விண்வெளியில் இருப்பவர்கள் இடுப்புப் பகுதியில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் இழக்கிறார்கள், தின்பதற்குக் குறை இருந்தல்ல. சுமக்க எடை இல்லாமல். நடை நல்லதுதான், ஆனால் நடை மட்டும் எலும்புக்குப் பெரிய செய்தி இல்லை. சொல்லித்தர ஒருவர் இருக்கும் இடத்தில் எடை தூக்கப் பழகுங்கள். கூடவே ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகள். இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விழுவதால்தான் நடக்கின்றன.

மகளுக்கு வருகிறேன். டென்னிஸ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றதைவிடத் தடிமன். முதல் மாதவிடாய்க்கு முன்பே ஆடத் தொடங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம், பிறகு தொடங்கியவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. மகள் அந்த முதல் வாய்ப்பைத் தாண்டிவிட்டாள். ஆனாலும் இருபதுகளின் கடைசி வரை கணக்கில் வரவு வைக்கலாம். குதிக்கிற, ஓடித் திரும்புகிற எந்த விளையாட்டும் சரி. மாத்திரை எதுவும் வேண்டாம். ஒன்றில் மட்டும் கண் வையுங்கள். இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து, மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால், 'நல்லதாப் போச்சு, தொந்தரவில்லை' என்று இருந்துவிடாதீர்கள். அவள் உங்கள் வயதுச் சரிவில் 16-இல் இறங்குகிறாள் என்று அர்த்தம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக அப்பா. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவர் எலும்பின் அகலத்துக்கும் பங்குண்டு, அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. பக்கவாட்டில் சரிந்து இடுப்பு நேரடியாகத் தரையில் பட்டால்தான் அபாயம் மிக அதிகம். படியில் தடுக்கினவர்கள் பெரும்பாலும் முன்பக்கம் கையை ஊன்றிக்கொள்வார்கள். ஆணுக்கு மாதவிடாய் நிற்பது போன்ற திடீர்ச் சரிவு இல்லை, ஆனால் எழுபதுக்கு மேல் இழக்கும் வேகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐம்பது தாண்டிய ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு எஞ்சிய வாழ்நாளில் எலும்புப்புரையால் ஏதாவது ஒரு முறிவு வரும். பெண்களில் மூன்றில் ஒருவருக்கு. இடுப்பு முறிந்தபின் ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் விகிதம் ஆண்களில்தான் கூடுதல். ஆனால் ஸ்கேனுக்கு யாரும் அவர்களை அழைத்துவருவதில்லை. 77 வயதில் அவருக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். அதற்கு முன் வீட்டிலேயே சுவரோடு நிற்கவைத்து உயரத்தை அளந்து, இளவயதில் எவ்வளவு இருந்தார் என்று கேளுங்கள். நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகில் வலியே இல்லையென்றாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.